ஃப்ரிட்ஜுடன் ஒரு குடும்பப் படம்

போன வாரம் அரியலூரில் ஒரு டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வாங்கினேன்.

நாற்பத்தாறு வயதில், கல்யாணம் ஆகாத தனி ஆளுக்கு எதற்கு டபுள் டோர்? நியாயமான கேள்விதான். அரை பாக்கெட் தோசை மாவும் ஒரு கொத்து கறிவேப்பிலையும் வைக்க அது ரொம்ப அதிகம். என் வீட்டில் நாலு நாற்காலி போட்ட டைனிங் டேபிள் இருக்கிறது. இரண்டாவது ஹெல்மெட் இருக்கிறது – விலை ஸ்டிக்கர்கூட இன்னும் பிரிக்கவில்லை. என்னைப் போன்றவர்கள் இப்படித்தான் வாங்குகிறோம்... யாரோ வரப்போகிற மாதிரி.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். பெரிய பொருள் வாங்கினால் அதற்கு மாலை போட்டு, குடும்பத்தைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார்கள்.

"வூட்ல எல்லாரும் வந்துரட்டும் சார், எடுத்துரலாம்" என்றார் மேனேஜர்.

"எல்லாரும் வந்தாச்சுங்க" என்றேன்.

அவர் என் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு பில் போடும் பெண்ணைக் கூப்பிட்டார். "சார் பக்கத்துல செத்த நில்லும்மா. தனியா நின்னா படம் நல்லா இருக்காது."

அன்று கடைக்கு ஆண்டு விழா. யாரும் யூனிஃபார்மில் இல்லை. அந்தப் பெண் பட்டுப்புடவையில் வந்து நின்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வீடு வந்து சேர்வதற்குள் போன். செந்துறையிலிருந்து அக்கா. அவள் கிரைண்டர் வாங்கியதும் அதே கடையில்தான்... ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டாள்.

"தம்பி! யாருடா அது? எங்கிட்டகூடச் சொல்லாம... பரவால்லடா, பொண்ணு லட்சணமா இருக்கு. எந்த ஊருடா?"

அழுதுகொண்டே சிரித்தாள். அக்காவின் குரலில் இப்படியொரு சந்தோஷத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! ஒரு பொய் சொன்னால்தான் என்ன என்றுகூடத் தோன்றியது.

"அக்கா... அது கடையில பில் போடுற பொண்ணுக்கா."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஆகவில்லை.

"சரி வுடு" என்றாள் கடைசியில். "ஸ்டேட்டஸ்லேருந்து அந்தப் படத்த எடுக்கச் சொல்லிறாத. நாளைக்கு வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்."

சொல்லவில்லை. நானே அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். யார் பார்த்தாலும் குடும்பம் என்றுதான் சொல்வார்கள். வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. தேற்றத்தான் வீட்டில் ஆளில்லை.

மறுநாள் ஸ்டேட்டஸில் வேறொரு குடும்பம், வாஷிங் மெஷினோடு.

ஃப்ரிட்ஜுக்கு மட்டும் பத்து வருஷ வாரண்டி!