எழுநூற்று நாற்பதாவது வரி

மேனேஜர் ராமப்பனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஜெபசீலியிடம் ஒரு சொல்லும் இல்லை. இருந்திருந்தால் அதிலும் அவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருப்பார்.

பாகலூரிலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் நசுங்கி வந்து, பம்பு மோட்டார் கம்பெனியின் டிசைன் பிரிவில் ஆறு வருடம் கணக்குப் போட்டவள் அவள். எத்தனை சுற்று, எந்தப் பருமனில் செம்புக் கம்பி, எவ்வளவு சூடேறும் என்று கால்குலேட்டரைத் தட்டித் தட்டி ஒரு மோட்டாருக்கு மூன்று நாள் ஆகும். கம்பி உள்ளே அடங்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. டிப்ளமா படித்த பொம்பளைக்கு அது போதும் என்பது ராமப்பனின் எண்ணம்.

1989-இல் கம்ப்யூட்டர் வந்தது. ராமப்பன் அதற்குத் துணி போர்த்தி, பொட்டு வைத்து, பூப் போட்டார். ஜெபசீலி சாப்பாட்டு நேரத்தில் அந்தத் துணியை விலக்கிக் கற்றுக்கொண்டு, நான்கு மாதத்தில் ஒரு புரோகிராம் எழுதினாள். கம்பியின் பருமனை அதுவே மாற்றி மாற்றிப் பார்க்கும். அடங்குமா, சூடு தாங்குமா என்று அதுவே சோதிக்கும். மூன்று நாள் வேலை பத்து நிமிடத்தில் அச்சாகி வரும்.

வரிகளுக்குப் பத்துப் பத்தாக எண் போட்டிருந்தாள். 740-ஆம் வரி அவளாக யோசித்தது. ஜவளகிரி மாதிரி கிராமங்களில் மோட்டாருக்கு வேண்டிய 415 வோல்ட் வருவதெல்லாம் கனவில்தான்; வோல்ட் குறையக் குறைய மோட்டார் சூடேறிக் கருகும். 300 வோல்ட்டில் சூடு தாங்காத மோட்டார் என்றால், இங்கிலீஷ் எழுத்தில் 'ஆகாது' என்று அடித்துவிட்டு நின்றுவிடும்.

முதலாளி மெச்சிய அன்றே, புரோகிராமின் தலைப்பில் இருந்த அவள் பெயர் போய் ராமப்பன் பெயர் வந்தது. ராமப்பனிடமே போய்க் கேட்டாள்.

"செக்‌ஷன் என்னுது. அதுல வர்றதெல்லாம் என்னுதுதாம்மா. போய் வேலையப் பாரு."

சம்பளத்தை விட முடியாது; போய் அடுத்த மோட்டாருக்கு உட்கார்ந்தாள்.

அடுத்த கோடையில் ஜவளகிரி விவசாயி கரியப்பன் கருகிய மோட்டாரைக் கொண்டுவந்து கேட்டில் போட்டார். "மோட்டாராய்யா இது? மூணே மாசத்துல பொகஞ்சுபோச்சு. தக்காளி பூரா காஞ்சு கெடக்குது!" அந்த வாரமே இன்னும் பதினொன்று வந்தன.

முதலாளி விசாரிக்கக் கூப்பிட்டார். மேசைமேல் புரோகிராமின் வரிகள் அச்சடித்த தாள். தலைப்பில் இப்போது ஜெபசீலியின் பெயர்.

"இந்தப் பொண்ணு எழுதினதுங்க சார். தப்பு அதுலதான். வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றார் ராமப்பன்.

ஜெபசீலி தாளில் விரலை ஓட்டினாள்.

"நான் எழுதினதுதான் சார். எல்லா வரியும் பத்துப் பத்தாப் போகுது பாருங்க. 730 இருக்கு, அடுத்தது 750. நடுவுல ஒன்னு இருந்துச்சு. கரண்ட் கொறஞ்சா இந்த மோட்டார் ஆகாதுன்னு சொன்ன வரி."

முதலாளி ராமப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"அது... சன்னக் கம்பி போட்டாலே ஆகாது ஆகாதுன்னே வந்துச்சுங்க. செம்பு மிச்சம் பண்ணத்தான் அந்த வரிய..."

"அழிக்கிறது சுலபம் சார்" என்றாள். "நம்பர மட்டும் அடிச்சு என்டர் தட்டினா வரி போயிடும்."

"திரும்பப் போடும்மா" என்றார் முதலாளி.

"ஒரு வருசமா அவரு பேர்லதான சார் இருந்துச்சு? அவரே போடட்டும்."

ராமப்பன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். 740 என்று அடித்தார். அதற்கு மேல் விரல் நகரவில்லை. முதலாளி காத்திருந்தார். ஜெபசீலி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார் ராமப்பன். என்டரைத் தட்டினார். அழிக்க அப்படி ஒரு வரியே இல்லை என்றது திரை.