இடது கையில் பச்சை

கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் எனக்கு இருபத்திரண்டு வயது. டைப்பிங் முடித்துவிட்டு வானூரில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். மரக்காணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் காணாமல் போனவர்களின் பட்டியலைத் தயாரிக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். தமிழில் எழுதி வரும் சீட்டுகளை நான் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். அது சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளுக்கும் பிணவறைகளுக்கும் ஃபேக்ஸில் போகும்.

போன அன்றே அந்தச் சீட்டு வந்தது. பெண், வயது நாற்பது, உப்பளத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவள். அடையாளம் என்ற இடத்தில் 'இடது கையில் பச்சை' என்று மட்டும் இருந்தது. மேசை மேல் சீட்டுகள் குவிந்து கிடந்தன. கை என்றதும் வளையல்தான் என் மனதில் ஓடியது. 'பச்சை வளையல்' என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன்.

மறுநாள் மதியம் ஒரு பிணவறையிலிருந்து தகவல் வந்தது. அந்த உப்பளத்துப் பெண்ணின் அடையாளத்தோடு ஒத்துப்போகும் ஓர் உடல் இருக்கிறதாம். அவளுடைய கணவர் முந்தின நாளிலிருந்தே பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்தார். கூட அனுப்ப வேறு ஆள் இல்லாததால் படிவத்தைக் கொடுத்து என்னையே ஜீப்பில் ஏற்றினார்கள். வழியெல்லாம் அவர் முன்சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடியே வந்தார். கூனிமேடு தாண்டும்போது ஒரே ஒரு தடவை கேட்டார்.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"இல்லண்ணா. போன்லதான் சொன்னாங்க."

பிணவறை ஊழியர் வாயில் துணி கட்டியிருந்தார். முகத்தைக் காட்டிப் பயனில்லை என்று உடலை மூடியிருந்த துணிக்கு வெளியே இடது கையை மட்டும் எடுத்து வைத்தார். நான்கு பச்சைக் கண்ணாடி வளையல்கள். ஒன்றுகூட உடையவில்லை.

"பாத்துக்கப்பா, உன் சம்சாரம்தானே? கையெழுத்து போடு. ரொம்ப நேரம் வெச்சிருக்க முடியாது."

"உயரம் அப்படித்தான் இருக்குது," என்றார் கணவர், யாரிடமோ சொல்வதுபோல.

நான் பேனாவை நீட்டினேன். அவர் சீக்கிரம் கையெழுத்துப் போட்டால் அந்த இடத்தை விட்டுப் போய்விடலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர் பேனாவை வாங்கினார். பிறகு குனிந்து அந்தக் கையை மெல்லத் திருப்பினார். முழங்கை வரை பார்த்தார்.

"பச்சை எங்க?"

"இதோ இருக்குதேப்பா, பச்சை வளையல்," என்றார் ஊழியர்.

"வளையல் இல்லீங்க. பச்சை. கோலம் மாதிரி குத்தியிருப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி குத்தினது."

பிறந்தது முதல் பேசும் சொல் அது. பச்சரிசி பச்சையாகவா இருக்கிறது? பச்சைக் குழந்தை, பச்சைத் தண்ணீர், பச்சை உடம்புக்காரி என்று தினமும் சொல்கிறோம். எதிலும் நிறம் இல்லை. பசுமை என்பதிலிருந்து வந்த சொல் என்கிறது அகராதி. வேகாதது, காயாதது, புதியது எல்லாமே அதற்குள் அடக்கம். தோலில் குத்தும் கோலத்துக்கு அந்தப் பெயர் பச்சிலைச் சாற்றால் வந்ததா, குத்திய கரி தோலுக்கடியில் பச்சையாய்த் தெரிவதால் வந்ததா, எனக்கு இன்றும் தெரியாது. இதையெல்லாம் படித்தது பின்னால். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் அடித்த தவறான வார்த்தையோடு அவளுடைய விவரம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறது என்பதுதான்.

வெளியே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டேன். இரண்டில் இல்லை என்றார்கள். மூன்றாவதில் ஒரு நர்ஸ், இருங்க என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கணவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பேச்சு இல்லாம ஒருத்தங்க இருக்காங்க," என்றார் நர்ஸ் திரும்பி வந்து. "ஆனா வளையல் கிடையாதேன்னு விட்டுட்டோம்."

"பச்சை குத்தியிருக்குதா?"

"இருக்குது. கோலம்."

ஜீப்பில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். அது அவள்தான். மூக்கில் குழாயோடு கிடந்தாள். கணவர் அவள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, வளையல் என்று எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

"ஆள் கெடைச்சிட்டால்லம்மா," என்றார்.

அவள் அப்படி விடவில்லை. நாலு மாதம் கழித்து, பாத்தியில் உப்பு வாருகிற காலத்தில் போய்ப் பார்த்தேன். உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"நீதான் எழுதினியா?"

"ஆமாக்கா."

"அவர ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாரில்ல. வாசல்லதான உக்காந்திருந்தாரு."

சொல்லிவிட்டு அவள் உப்பை வரப்புப் பக்கம் இழுக்கத் தொடங்கினாள். வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.