கடை திறக்கும் முன் ஒரு வட்டம்

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் வந்து, நல்ல இரும்புச் சாமான் கடை எது என்று யாரைக் கேட்டாலும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். சும்மா சொல்லவில்லை, போய்க் கேட்டுப் பாருங்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். சிமெண்டு மூட்டை தூக்கினேன். அடுத்தவர் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்தேன். பிறகு அந்தக் கடையையே வாங்கினேன். யார் முன்னாலும் கை கட்டி நின்றதில்லை.

என் பெண் ஹாக்கி ஆடியதும் என்னால்தான். உயர்நிலைப் பள்ளியில் அவளை கோல்கீப்பராக நிறுத்தினார்கள். காலில் மெத்தை மாதிரி இரண்டு கட்டு, முகத்துக்குக் கம்பிக் கூண்டு. வெயிலில் கறுத்துப் போகிறாளே என்ற கவலையைவிட என் மனைவிக்கு அவள் போடும் சத்தம்தான் பெரிய கவலை. கோல்கீப்பர் கடைசியில் நிற்பவள். மைதானம் முழுக்க அவள் கண்ணுக்குத்தான் தெரியும். யார் எங்கே ஓட வேண்டும் என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதே குரல் வீட்டிலும் வந்தது.

"பக்கத்து வீட்டுச் சீனம்மா லிஃப்டுல பிடிச்சுக் கேக்குறாங்க, அது உங்க பொண்ணு குரலான்னு. எனக்கு மானம் போகுது."

"ஆமா, என் பொண்ணு குரல்தான்னு சொல்லு. வேணும்னா இன்னும் சத்தமா கத்தச் சொல்றேன்."

இதைச் சொல்ல அன்றைக்கு எத்தனை அப்பன்களுக்குத் தைரியம் இருந்தது? நான் சொன்னேன்.

ஆனால் எனக்குப் பிடிக்காத ஒன்றும் அந்த மைதானத்தில் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். எது சரியில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபப்படக் கூடாது. என் பெண் கேப்டனாக இருந்த வருஷம், ஒரு சின்னப் பிள்ளை, அப்போதுதான் அணியில் சேர்ந்தது, எல்லார் முன்னாலும் சொன்னது: "ரெண்டாவது கோல் உங்க மேல தப்பு அக்கா. நீங்க முன்னாடி வந்துட்டீங்க." என் பெண் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். வரும் வழியெல்லாம் எனக்கு ஆறவில்லை.

"அந்தச் சுண்டைக்கா உன்னைச் சொல்லுது, நீ மண்டையை ஆட்டுறே? கேப்டன்னா ஒரு கெத்து வேணாமா?"

"அவ சொல்லலைன்னா அடுத்த வாரமும் அதே மாதிரி கோல் விழும்பா."

படிப்பு, பெரிய கம்பெனியில் வேலை என்று சுற்றிவிட்டு, முப்பதைத் தாண்டிய பிறகு கடைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளமெண்டி மைதானத்துக்கு ஹாக்கி மட்டை எடுத்துக்கொண்டு போவதை இன்னும் விடவில்லை. கடைக்கு வந்த முதல் வாரமே அந்த வட்டத்தையும் கொண்டுவந்துவிட்டாள். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் ஆட்கள் எல்லாரும் பின்கட்டில் நிற்க வேண்டும். நேற்று என்ன கோளாறு, இன்றைக்கு யார் எங்கே. முதல் மாதம் எல்லாரும் தங்கள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளும் அவசரப்படாமல் நின்றாள். அப்புறம் ஒவ்வொருத்தராக வாய் திறந்தார்கள். அலமாரி ஆடுகிறது, ஏணி வழுக்குகிறது, பெயிண்ட் டப்பாவை மாற்றி அனுப்பிவிட்டோம். அடிபடுவது குறைந்தது, சாமான் திரும்பி வருவதும் குறைந்தது. நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன், என் வளர்ப்பு என்று.

போன மாதம் ஒரு காலை. நானும் அந்த வட்டத்தில் நின்றேன், கையில் லாரிச் சாவியோடு. டெலிவரி லாரியை நான்தான் ஓட்டுவேன், அது எனக்கு ஒரு பெருமை. என்னோடு முன் சீட்டில் வருகிற புதுக்கோட்டைக்காரன், பல வருஷம் என்னிடம் வேலை பார்ப்பவன், தொண்டையைச் செருமினான்.

"தப்பா நினைக்காதீங்க முதலாளி. அக்கா, நேத்து முதலாளி சிகப்பு விளக்குல போயிட்டாங்க. பஸ்காரன் ஹாரன் அடிச்சுத்தான் பிரேக் போட்டாங்க. போன வாரமும் இப்படி ஆச்சு. பின்னாடி நம்ம ஆளுங்க ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் சம்பளம் வாங்குகிறவன், என் கடையில், என் ஆட்கள் முன்னால்!

"உன் பர்மிட்ட இன்னிக்கே கேன்சல் பண்றேன்டா. மூட்டையைக் கட்டு."

அவன் முகம் செத்துப்போனது. வேலை பர்மிட் போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். கடன் வாங்கித்தான் எல்லாரும் இந்த ஊருக்கு வருகிறார்கள், எனக்குத் தெரியாததா. என் பெண் ஒரு அடி முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"யாரும் எங்கயும் போகல. சாவியைக் குடுங்கப்பா."

இத்தனை பேர் முன்னால். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. சாவியைத் தரையில் எறிந்துவிட்டு வெளியே வந்தேன்.

கால் போன போக்கில் லிட்டில் இந்தியாவுக்கு வந்து, என் பழைய கூட்டாளி பாய் வைத்திருக்கும் துணிக்கடை வாசலில் உட்கார்ந்தேன்.

"என்ன முதலாளி, வேலை நேரத்துல? கடை லீவா?"

"கடை நடக்குது. எனக்குத்தான் லீவு விட்டுட்டாங்க."

நடந்ததைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நீதானே ஊரெல்லாம் டமாரம் அடிச்சே, என் பொண்ணு கேப்டன், கேப்டன்னு. உன்னைத் தவிர மத்தவங்களுக்கு மட்டும்தான் கேப்டன்னு நினைச்சியா லா?"

தேநீர் வரவழைத்தார். விளையாட விட்டால் பெண்பிள்ளைகளுக்குத் தைரியம் வரும், நாலு பேரை நடத்தத் தெரியும் என்று மேடையில் பேசுகிறார்கள். வரும். நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் அந்தத் தைரியம் ஒரு நாள் அப்பன் முன்னால்தான் வந்து நிற்கும் என்று எவரும் மேடையில் சொல்வதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அவரை நிஜமாவே அனுப்பப் போறீங்களா?"

"என் கடை."

"உங்க கடைதான்பா. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா அவர் போயிடுவார். நாளைக்கு அந்த வட்டத்துல யார் வாயத் திறப்பா?"

"வாயத் திறக்காமத்தான் இத்தனை வருஷம் கடை நடந்துச்சு."

"நடந்துச்சு. அப்ப உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுது. இனி அந்த லாரில ஏதாவது ஆனா, பின்னாடி இருக்கிற ஆளோட வீட்டுக்கு யார்ப்பா போன் போடுவா? நீங்களா, நானா?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மைதானத்தையே அதிர வைக்கிற அந்தப் பிள்ளை, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள். அதுதான் என்னைப் படுத்தியது.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். வட்டத்தில் போய் நின்றேன். புதுக்கோட்டைக்காரன் எனக்கு இடம் விட்டு ஒதுங்கினான். ராத்திரி தூங்காத கண்.

"உன் வேலை போகாது. லாரியும் இனி நான் எடுக்கல," என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சரிங்க முதலாளி."

"வேற ஏதாவது சொல்லணுமா, யாராவது?" என்று என் பெண் கேட்டாள். ஒருவரும் பேசவில்லை. அவள் காத்திருந்தாள், முதல் மாதம் காத்திருந்த மாதிரியே. எல்லாரும் மறுபடி தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். ஏணி வழுக்குவதைக்கூடச் சொல்லவில்லை. ஒருத்தன் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. அவளும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நான் அங்கே நிற்கிறவரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

இந்தக் கடையின் ஷட்டரை இத்தனை வருஷமும் நான்தான் தூக்கினேன். இப்போது வேண்டுமென்றே தாமதமாகப் போகிறேன். முனைக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, ஷட்டர் மேலே போகிற சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்திருக்கிறேன். அதற்குள் பேசி முடித்திருப்பார்கள். போன வாரத்திலிருந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று என் பெண் சொன்னாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குப் பெரிய பாடாக இருக்கிறது.