திங்கட்கிழமை முட்டை

முட்டையைக் காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் வைப்பாள் சிட்செல். உள்ளே தளும்பினால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "அழுகின முட்டையில கோயில் கட்டச் சொல்றியா? உன் வீட்டுக்காரன் தலையில உடை, போ." திங்கட்கிழமை காலையில் எங்கள் எப்ராயிம் ஊர்த் தெருக்களில் இந்தக் குரல் கேட்டதும் பெண்கள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோழி இடுவது ஆண்டவருக்கு. பக்கத்து மாண்டிக் குன்றின் மேல் எழும்பிக்கொண்டிருக்கும் ஆலயத்துக்கு எங்கள் பெண்கள் கொடுக்கும் காணிக்கை அதுதான். மற்ற முட்டைகளோடு கலந்துவிடாமலிருக்க வீட்டுக்கு வீடு வேறு வேறு கரிக்குறி போட்டு வைப்பார்கள். அவற்றை வாங்கி பிஷப் வீட்டில் ஒப்படைப்பது சிட்செலின் வேலை. எவ்வளவு கனத்தாலும் கூடையைத் தரையில் வைக்கமாட்டாள். "ஆண்டவர் சாமானைப் புழுதியில வைக்கவா?" என்பாள். ஒரு முட்டையும் இல்லையென்று கையை விரிக்கும் மில்காரர் மனைவி கெர்ட்ரூட்டை அவள் லேசில் விட்டதில்லை. "உன் கோழி மட்டும் ஞாயித்துக்கிழமை ஓய்வு எடுக்குதோ? நம்ம பிஷப்பை விடப் பக்தியா இருக்கே!"

சிட்செல், டென்மார்க்கின் ஜட்லாண்டிலிருந்து கப்பலேறி வந்து, கைவண்டி இழுத்துச் சமவெளியைக் கடந்தவள். பாரத்தைக் குறைக்கச் சொன்னபோது கல்யாணப் போர்வையை எறிந்தாள், சுவர்க் கடிகாரத்தை எறிந்தாள். காபி அரைக்கும் சின்ன இயந்திரத்தை மட்டும் பாவாடைக்குள் கட்டிக்கொண்டு நடந்தாள். வழியில் பிளாட் ஆற்றங்கரையில் மகளைப் புதைத்தார்கள். அதைப் பற்றி யாராவது கேட்டால் மாவு பிசைய உள்ளே போய்விடுவாள்.

காபி ஆகாது என்பது சபையின் வாக்கு. எங்கள் டென்மார்க் ஜனங்களுக்கு அது மட்டும் காதில் சரியாக விழுந்ததில்லை. பாதி வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பார்கள். சிட்செலுக்கும் அதில் பெரிய வெட்கமில்லை. காலையில் ஒரு வாய் உள்ளே போகாவிட்டால் அவளுக்கு மண்டை பிளந்துவிடும்.

எங்கள் சபை வழக்கப்படி அவள் கணவர் ராஸ்முஸ் இரண்டாவதாகக் கட்டிய எல்னா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு குடியிருக்கிறாள். ராஸ்முஸ் ஆலயத்துக்குக் கல் உடைக்கப் போனால் வாரக் கடைசியில்தான் திரும்புவார். எல்னாவின் கோழிகளும் சோனி. போன திங்கட்கிழமை அவள் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"அக்கா, சின்னவன் காய்ச்சல்ல கெடக்கான். இந்த ஒரு வாரம் இதை அவனுக்கு அவிச்சுக் குடுத்துடட்டுமா?"

"ஆண்டவர்கிட்டயே பேரம் பேசுறியாடி? எடு."

எல்னா கொடுத்துவிட்டாள். இரண்டு முட்டை.

அந்த இரண்டும் பிஷப் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. தெருவைச் சுற்றி முடித்து வீட்டுக்கு வந்தபோதே சிட்செலுக்குத் தலைவலி. மாவுத் தொட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த காபிக்கொட்டை தீர்ந்திருந்தது. வீட்டில் சொந்த முட்டையும் இல்லை. முட்டைக்குக் கொட்டை கொடுக்கும் வண்டி வியாபாரியோ வாசலில் நிற்கிறான். அடுத்த வாரம் ஈடுகட்டிவிடலாம் என்று கூடையில் மேலாக இருந்த இரண்டை எடுத்துக் கொடுத்தாள்.

கொட்டையை அரைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டி எல்னா வீட்டு வாசலில் நின்றது. நூல்கண்டு வாங்க வந்த எல்னா வண்டியிலிருந்த வைக்கோல் பெட்டிக்குள் குனிந்தாள். ஒரு முட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து இந்த வீட்டுப் பக்கம் பார்த்தாள். அரைத்த கை நின்றுவிட்டது. கரிக்குறியைத் துடைக்கவேண்டும் என்றுகூடச் சிட்செலுக்குத் தோன்றியிருக்கவில்லை. திருடிப் பழக்கமிருந்தால்தானே.

எல்னா வீட்டு முட்டை அது. காய்ச்சல்காரப் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கியது. ஆண்டவர் பெயரைச் சொல்லிப் பிடுங்கியது. ஆனாலும் அந்தக் காபியைப் போட்டுக் குடித்தும்விட்டாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் உடம்பு கூசியது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒவ்வொருவராக எழுந்து மனதில் உள்ளதைச் சாட்சியாகச் சொன்னார்கள். எல்னா எப்போது எழுந்திருப்பாளோ என்று சிட்செல் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். எல்னா எழுந்திருக்கவில்லை. எல்லோரோடும் பாட்டுப் பாடினாள், பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள், வீட்டுக்குப் போனாள். நாலு பேர் முன்னால் கத்தியிருந்தால் சிட்செலும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

மறுநாள் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். எல்னா படலருகே காத்துக்கொண்டிருந்தாள்.

"நில்லுங்கக்கா."

குறி போட்ட முட்டை ஒன்றைக் கூடையில் வைத்தாள். பிறகு சிட்செலின் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, இன்னொன்றை வைத்தாள். அதில் குறி இல்லை. இன்னும் சூடாக இருந்தது.

"இது இப்பத்தான் போட்டுச்சு. திங்கக்கிழமை முட்டை, நம்ம வீட்டுது. உங்க காபிக்கு வெச்சுக்கங்க. கூடையிலேருந்து மட்டும் எடுக்காதீங்கக்கா."

"சின்னவனுக்கு..."

"அவன் எந்திரிச்சு ஓடுறான். நீங்க போங்க, வெயில் ஏறுது."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அடுத்த வீட்டில் கெர்ட்ரூட் ஒற்றை முட்டையை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள். "வாங்க வாங்க! என் கோழி இந்த வாரம் ஓய்வு எடுக்கலை. இப்பப் பேசுங்க பாக்கலாம்!"

சிட்செலுக்கு இரண்டு கையும் நிறைந்திருந்தது. ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் எல்னா கொடுத்தது. குனிந்து கூடையைத் தெருப் புழுதியில் வைத்தாள். காலியான கையை நீட்டிக் கெர்ட்ரூட்டின் முட்டையை வாங்கி, குலுக்கிப் பார்க்காமலே உள்ளே வைத்தாள்.