கிடாக்களிடம் கேட்காத மன்னிப்பு

எதைத் தொடும் முன்னும் மன்னிப்புக் கேட்பது என் தாய்மாமாவின் பழக்கம். கதவைச் சாத்தும்போது கதவிடம், பித்தான் போடும்போது சட்டையிடம். தன் பல்லைப் பிடுங்க வந்த டாக்டரிடமும், "வாயைத் திறக்குறேன், மன்னிச்சுக்குங்க" என்றார்.

"என்னைக் கட்டினதுக்கு மட்டும் கேக்கவே இல்ல" என்பாள் அத்தை.

ஆட்டுப் பண்ணையில் கிடாக்களைப் பிடித்து ரத்தம் எடுப்பது அவர் வேலை. குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போன நான், முதுகலை ஆய்வுக்காக அங்கேயே வந்து சேர்ந்தேன். வெயிலில் நிற்கும் கிடாவுக்கும் நிழலில் நிற்கும் கிடாவுக்கும் ரத்தத்தில் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும்: பதறினால் ஏறும் கார்டிசால், தின்றதை உடம்பில் சேர்க்கும் இன்சுலின்.

கார்டிசால் அளவைப் பார்த்தால், நிழல் கிடாக்கள்தான் அதிகம் பதறியிருந்தன.

"நிழல்ல படுத்து அசைபோடுற கிடாவுக்கு என்னம்மா கவலை? பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குதா?" என்றார் பேராசிரியர். மறுபடியும் இப்படியே வந்தால் பட்டம் கிடையாது என்றும் சொன்னார்.

வெயில் கிடாக்களுக்கு வேறு ஆள். நிழல் கொட்டில் மாமாவின் பொறுப்பு. அவரோடு உள்ளே போனேன். அவர் கையில் ஊசியே இல்லை. கதவைச் சாத்தியபடி, "மன்னிச்சுக்கோ ராசா" என்றார். கிடாக்கள் மொத்தமும் சுவரோடு ஒட்டிக்கொண்டன. ஒன்று நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. அவர் கேட்டது கதவிடம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஊசி வரும் என்று அவை கற்று வைத்திருந்தன. ஒவ்வொன்றிடமும் கேட்டு முடித்த பிறகே மாமா முதல் ஊசியை எடுப்பார். அதற்குள் கார்டிசால் ஏறாமல் என்ன செய்யும்?

"ஒரு நாள் பேசாம குத்துங்க மாமா."

"கேக்காம குத்தினா அது அடாவடிம்மா."

"வேலை முடியட்டும். அப்புறம் மொத்தமா கேட்டுக்குங்க."

"கடன் சொல்லிக் குத்தச் சொல்ற."

மறுநாள் துண்டை வாயில் கடித்துக்கொண்டு குத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. கிடாக்கள் அசைபோட்டன. கார்டிசால் இறங்கியது, எனக்குப் பட்டமும் கிடைத்தது. நான் அளந்தது நிழலையா, மாமாவின் வாயையா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

பேசாமல் குத்திய அன்று மாலையே மாமா குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கடனைத் தீர்க்கப் போனார். வாயைத் திறந்து "மன்" என்பதற்குள் கிடாக்கள் சுவரில் ஏறப் பார்த்தன. மூடிக்கொண்டார். அதன் பிறகு அந்தக் கொட்டிலில் அவர் வாயைத் திறந்ததே இல்லை.

போன வருடம் இறந்தார். அதற்கு முந்தின நாள் அத்தையிடம்கூடக் கேட்டுவிட்டார். கிடாக்களுக்குத்தான் பாக்கி.