கத்தரி போட்ட வால்நட்சத்திரக் கணக்கு

வானாய்வகத்தில் அந்த அம்மாவுக்குக் கத்தரி என்று பெயர். வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணக்கிடுவது அவர் வேலை. வந்து குவியும் அளவீடுகளில் மற்றவற்றோடு ஒத்துப்போகாததை ஈவிரக்கமில்லாமல் வெட்டி எறிவார். அவர் கணவர் அதே கட்டடத்தின் மாடியில் சின்னத் தொலைநோக்கியில் படம் எடுப்பவர். ஆக, அவர் பார்ப்பார், இவர் முடிவெடுப்பார். வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

அந்த வருடம் புதிதாக ஒரு வால்நட்சத்திரம் அகப்பட்டது. வானத்தில் அது நின்ற மூன்று இடங்கள் தெரிந்தால் பாதையைக் கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். போட்டோவைப் பார்த்தே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்பது போலத்தான் அதுவும். நீண்டு கிடக்கும் பாதையில் சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு துண்டுதான் நம் கண்ணில் படுகிறது. அந்தத் துண்டை அளப்பதில் இம்மி பிசகினாலும், அது திரும்பி வரும் காலம் நூறுகளிலிருந்து லட்சங்களுக்குத் தாவிவிடும். இது வானாய்வக இயக்குநருக்கும் தெரியும். ஆனால் தொலைபேசியில் மேயர் காத்திருந்தார்.

"திரும்ப எப்ப வரும் மேடம்? ஒரு நம்பர் சொல்லுங்க, போதும்" என்றார் இயக்குநர்.

"இன்னும் கொஞ்ச மாசம் பாக்கணும் சார்."

"அதுக்குள்ள அது மங்கிடும். மேயரும் மங்கிடுவாரு, தேர்தல் வருதில்ல?"

பெரிய தொலைநோக்கியில் இயக்குநரே எடுத்து, இயக்குநரே அளந்த படங்கள் கத்தையாக இருந்தன. கணவருடையவை கொஞ்சம்தான். இரண்டும் ஒட்டவில்லை. கத்தரி தயங்கவில்லை. கணவரின் அளவீடுகளுக்கு மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக் கணக்கை முடித்தார். முந்நூறு வருடம் என்று விடை வந்தது.

"வீட்லதான் என் பேச்சுக்கு மதிப்பில்ல. ஆபீஸ்லயுமா?" என்றார் கணவர், சாப்பிடும்போது.

"உங்க புள்ளி தள்ளி நிக்குது. நான் என்னங்க பண்ண?"

"தள்ளி நிக்கிறது நானா, அவரா?"

கத்தரி தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினார். விவாதம் அத்தோடு முடிந்தது.

மேயர் பூங்காவில் கல் நட்டார். முந்நூறு வருடம் கழித்து வரப்போகும் சந்ததிக்குத் தன் வாழ்த்தையும், மறக்காமல் தன் புகைப்படத்தையும் பெட்டியில் வைத்து அதன் கீழே புதைத்தார். அவரைத் தெரியாமல் போய்விட்டால் சந்ததி என்ன பாடுபடுமோ!

மற்ற ஆய்வகங்களிலிருந்து அளவீடுகள் வந்துகொண்டே இருந்தன. கத்தரி கணக்கை மறுபடி போட்டார். கணவரின் புள்ளிகள் பாதையின் மேலேயே சமர்த்தாக உட்கார்ந்துகொண்டன. இயக்குநரின் புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கமாக, வால் நீண்ட பக்கமாகச் சாய்ந்திருந்தன. படங்களை எடுத்து வைத்துப் பார்த்தார். வால்நட்சத்திரத்தின் தலைக்குள் இருக்கும் ஊசிமுனைப் புள்ளியை அளப்பதற்குப் பதில், அதைச் சுற்றிப் பரவிய வெளிச்சத்தின் நடுவை அளந்திருந்தார் பெரியவர். புது விடை ஏறக்குறைய மூன்று லட்சம் வருடம்.

இயக்குநர் தப்பாக அளந்தது இருக்கட்டும், சரியானதை வெட்டியது தன் கை அல்லவா? கத்தரி மாடி ஏறினார். கணவர் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அளவுதாங்க சரி."

"எந்த அளவு?"

"எல்லாந்தான். வெட்டினது என் தப்பு."

"அப்படியா?" என்றார் அவர், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். காது மட்டும் சிவந்துவிட்டது. அன்று முழுக்க அந்த ஒரே லென்ஸைத்தான் துடைத்தார்.

இயக்குநருக்கு அவ்வளவு கூச்சம் வரவில்லை. "முந்நூறு வருஷம் கழிச்சு யாரு மேடம் வந்து நம்மள கேக்கப்போறா?"

"மத்த ஆய்வகத்துக்காரங்க நாளைக்கே கேப்பாங்க சார்."

நீக்கிய அளவீடுகளே சரியானவை, நீக்கியது தன் தவறு என்று எழுதி எல்லா ஆய்வகங்களுக்கும் கத்தரியே அனுப்பினார். வாலை அளந்தவர் யார் என்று எழுதவில்லை. அதை இயக்குநர் தன் தகுதிக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார். பூங்காக் கல்லில் 300-க்குப் பின்னால் மூன்று பூஜ்யங்களைச் செதுக்கிச் சேர்த்தார்கள். தொலைநோக்குள்ள தலைவர் என்று மேயருக்குப் பாராட்டுக்கூட வந்தது.

கத்தரியை மட்டும் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். சூரியன் உதிக்கும் நேரம், மறையும் நேரம் கணக்கிட்டு அச்சுக்குக் கொடுக்கும் பிரிவு. தினம் தவறாமல் வருகிற சூரியனை வைத்து அந்த அம்மா யாரோடு சண்டை போட முடியும் என்று இயக்குநர் நிம்மதியாக இருந்தார். போன வாரம் அங்கே இரண்டு பேர் கத்தரியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்களாம்.