இழுக்காமல் நின்ற கயிறு

இலங்கையில் ஓப்பநாயக்கவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தனி அண்ணனைக் 'கயிறு அந்தனி' என்றுதான் சொல்வோம். கயிறிழுப்பில் கடைசி ஆளாக, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ஈஸ்டருக்கு மறுநாள் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் தோட்டத்து ஆட்களைப் பலாங்கொடை மைதானத்தில் மோதவிடுவார்கள். அந்த மைதானம் இன்னும் இருக்கிறதா என்று விசாரிக்க, நான் இப்போது இருக்கும் இந்த ஊரில் எனக்கு ஆளில்லை. அணிக்குப் பொறுக்கியெடுத்தவர்களுக்குப் புல்வெட்டு கிடையாது. காலையும் மாலையும் கயிறுதான் வேலை. பங்களாவிலிருந்து முட்டை வரும். அந்த நாட்களில் நாங்கள் குடியிருந்த லயமே திருவிழாப் போல இருக்கும்.

ஒரு வருஷம் பயிற்சியின்போது அணியிலிருந்த பவுலின் தோள்மூட்டு கழன்றுவிட்டது. மண்வெட்டி பிடிக்க ஏலாதவன் எதற்கு, ஈஸ்டர் முடிந்ததும் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார் துரை.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தனி அணியில் மற்றவர்களைக் கோயில் வாசலில் நிறுத்தினார்.

"தொரைக்காக இழுத்துத்தான கழண்டுச்சு. அவனுக்கு லேசான வேல குடுக்குற வரைக்கும் நாம யாரும் இழுக்குறதில்ல."

எல்லோரும் அவர் கொண்டுவந்திருந்த கயிற்றின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு அதுதான் தொழிற்சங்கம்.

ஆனால் எதிர்த்தோட்டத்தார் இழுத்துவிட்டால்? சந்தை நாளில் கபூர் நானாவின் கடையில் வைத்து அந்தனி அவர்களிடமும் பேசினார்.

"தோத்துருவோம்னு பயம், அப்படித்தான அண்ணே?" என்று ஒருவன் சிரித்தான்.

"நாளைக்கு ஒன் தோள் கழண்டா ஒன்ன எங்க போகச் சொல்வாங்க?"

சிரித்தவனே முதலில் தலையாட்டினான்.

ஈஸ்டருக்கு மறுநாள் மைதானத்தில் விசில் ஒலித்தது. இரண்டு பக்கமும் கயிற்றை விறைப்பாகப் பிடித்துக் குதிகாலை ஊன்றி நின்றார்கள். நடுவே கட்டிய சிவப்புத் துணி அசையவில்லை. இப்படியொரு சமபலமா என்று துரைசானிமார் கைதட்டினார்கள். ஒருவர் முகத்திலும் வேர்வை இல்லை என்பதை எங்கள் துரை பிறகுதான் கவனித்தார்.

"என்ன அந்தனி, இழு."

"பவுலுக்கு நாத்துமேட்டுல தண்ணி ஊத்துற வேல குடுங்க தொர. ஒத்தக் கை போதும்."

"அது நாளைக்குப் பேசலாம்."

"அப்ப நாங்களும் நாளைக்கே இழுக்குறோங்க."

மற்றத் துரைமார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் துரை கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, பவுலுக்கு அந்த வேலையைக் கொடுக்க உத்தரவு போட்டார். அப்புறம்தான் கயிறு நகர்ந்தது. நாங்கள் தோற்றோம்.

அடுத்த வருஷம் துரை அந்தனியை அணியில் சேர்க்கவில்லை. மைதானத்து ஓரத்தில், பவுலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாலதான நீ வெளிய நிக்கிற அண்ணே," என்றார் பவுல்.

"பேசாம பாருடா. ஒன்ன அனுப்பியிருந்தா இங்க நான் யாரோட ஒக்காருவேன்?"